அரை மணி நேரம் தள்ளிப்போன ஊர்

என் தங்கை பேத்தி போன மாதம் திருச்சிக்கு வந்தாள். இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தானும் ஓர் இணுக்கை எடுத்துக்கொண்டாள். நான்கு வருடம் பழகிய பையன் வேலை கிடைத்து ஜெர்மனிக்குப் போகிறானாம். இருவருமாக உட்கார்ந்து பேசி, கல்யாணம் சரிவராது என்று முடிவு செய்துவிட்டார்களாம். "ஆனா ஃப்ரெண்ட்ஸா இருப்போம்னு சொல்லியிருக்கோம் பாட்டி. அது முடியுமா? உங்களுக்கு முடிஞ்சுதே" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் என் பினாங்கு நண்பரைத் தெரியாதவர்கள் இல்லை. 1974-இல் நாங்கள் காதலித்தோம். 1976-இல் பிரிந்தோம். இன்றுவரை நண்பர்களாக இருக்கிறோம். கீரை ஆய்ந்து முடிகிறவரை அவளுக்குச் சொன்னதையும், அவள் ஊருக்குப் போன பிறகு நினைவுக்கு வந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். அவளிடம் பேசுவது போலவே எழுத வருகிறது. அதனால் வாசிக்கிற எல்லாப் பிள்ளைகளையும் 'நீ' என்றே சொல்கிறேன்.

1. இது உனக்குப் பொருந்துமா என்று முதலில் பார்.

எல்லாக் காதலும் நட்பாக மாறாது, மாற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உன்னை அடித்தவன், மிரட்டியவன், உன் படத்தையோ கடிதத்தையோ வைத்துக்கொண்டு பயமுறுத்தியவன், உன்னிடம் சொன்ன வார்த்தைகளையே அதே வாரத்தில் இன்னொருத்தியிடமும் சொன்னவன், இவர்களோடு நட்பு வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு வந்துவிடு. பெருந்தன்மை என்று பெயர் சொல்லி யாராவது உன்னைத் திருப்பி அனுப்பப் பார்த்தால் கேட்காதே. ஆண்பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்வேன்.

நல்லபடியாகப் பிரிந்தவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று யாராவது வந்து சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள். அன்று மத்தியானம் உனக்குச் சோறு இறங்குமா? இறங்காது என்றால் உள்ளே இருப்பது இன்னும் காதல்தான். அதற்கு நட்பு என்று வேறு பெயர் போட்டுப் பொத்தி வைக்காதே. எனக்கு அந்தச் சோறு இறங்கப் பல வருடம் ஆயிற்று.

2. பேசாமல் இருக்க வேண்டிய காலம் ஒன்று உண்டு. அதைக் கடந்துதான் வர வேண்டும்.

என் பினாங்கு நண்பர் மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணி பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பால்மரம் சீவிய அம்மா அப்பா, மகன் படிக்கட்டும் என்று திருச்சிக்கு அனுப்பியிருந்தார்கள். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரே புத்தகத்துக்கு இரண்டு பேரும் கை நீட்டினோம். அங்கிருந்து தொடங்கியது. 1975-இல் எனக்குத் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. அடுத்த வருடம் அவர் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று தந்தி வந்தது. மூத்த மகன், போயாக வேண்டும். என்னையும் வரச் சொன்னார். எனக்கு அப்பா இல்லை, இரண்டு தம்பிகள் பள்ளிக்கூடத்தில், வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். நான் வரமாட்டேன் என்றேன். அவரால் இருக்க முடியவில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சென்னைத் துறைமுகத்தில் எம்.வி. சிதம்பரம் கப்பலில் ஏறிப் போனார். நான் வழியனுப்பப் போகவில்லை. அன்று எனக்கு மதிய ஷிஃப்ட்.

என் வேலை என்ன தெரியுமா? தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, பலகையில் கயிறுகளைச் செருகி, ஒரு ஊரை இன்னொரு ஊரோடு சேர்த்துவைப்பது. ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு ஜனங்கள் மணிக்கணக்கில் காத்திருந்த காலம் அது. ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று வகைகள் இருந்தன. குறிப்பிட்ட ஆள் வந்தால் மட்டும் பேசுவதற்குப் பி.பி. கால். மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே புகுந்து, நேரம் முடிந்தது, நீட்டிக்கவா என்று கேட்க வேண்டும். பிரசவச் செய்தி, சாவுச் செய்தி, வரன் முடிந்த செய்தி எல்லாம் என் காது வழியாகப் போயிருக்கின்றன.

1981-இல் சென்னையிலிருந்து கடலுக்கடியில் தொலைபேசிக் கம்பி போட்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் எத்தனையோ ஊர் இருக்க, அந்தக் கம்பி போய்க் கரையேறியது பினாங்கில். அப்போது அவர் பினாங்கில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர். பள்ளிக்கூடத்து எண் ஒரு தோழி மூலமாக எனக்குத் தெரியும். இரவு ஷிஃப்டில் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். எந்த ஊருக்கு வேண்டுமானாலும் வழி கேட்கத் தெரிந்தவள் நான். ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

1982 ஜனவரி 1-ஆம் தேதி மலேசியத் தீபகற்பம் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. அதுவரை நம்மைவிட இரண்டு மணி நேரம் முந்தியிருந்த ஊர், அன்றிலிருந்து இரண்டரை மணி நேரம் முந்திப் போயிற்று. வேலையிடத்தில் அந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருடம். வீட்டில் கைக்குழந்தை. இன்னும் அரை மணி நேரம் தள்ளிப் போய்விட்டாரே என்று அழுகிற மனசு நட்புக்குத் தயாராகவில்லை என்பது எனக்கே தெரிந்தது. பேசாமல் இருந்தேன்.

எத்தனை நாள் பேசாமல் இருக்க வேண்டும் என்று என் பேத்தி கேட்டாள். அதற்குக் கணக்கு கிடையாது. ஆனால் உன் தலைமுறைக்கு எங்களைவிடக் கஷ்டம் என்று மட்டும் தெரிகிறது. எங்களுக்கு நடுவில் கடல் இருந்தது. உனக்கோ அவன் விரலுக்கு அடியிலேயே இருக்கிறான், காலையில் என்ன சாப்பிட்டான் என்பதுவரை தெரிந்துவிடுகிறது. கடல் எங்களுக்குச் செய்த உதவியை நீ உன் கையாலேயே செய்துகொள்ள வேண்டும். கொஞ்ச காலம் அவன் ஸ்டேட்டஸைப் பார்க்காதே. அவன் தோழர்களிடம் அவனைப் பற்றி விசாரிக்காதே. இதை அவனிடமும் சொல்லிவிட்டே செய். சொல்லாமல் காணாமல் போனால் அவனுக்கு அது தண்டனை மாதிரி இருக்கும்.

3. கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் முன்பே சொல்லிவிடு.

1979-இல் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. பெரியவர்கள் ஐந்து நிமிடம் எங்களைத் தனியாக விட்டார்கள். ஒருவரை விரும்பினேன், அவர் மலேசியாவுக்குப் போய்விட்டார், எங்களுக்குள் இப்போது பேச்சு இல்லை என்று சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏமாத்திட்டுப் போயிட்டாரா?"

"இல்லைங்க."

"அப்ப நல்ல மனுஷன்தான்."

அந்த மூன்று சொல்லில்தான் என் இத்தனை வருட நட்பு நிற்கிறது. அன்று நான் மறைத்திருந்தால், பின்னால் வந்த ஒவ்வொரு கடிதத்தையும் மறைக்க வேண்டி வந்திருக்கும். மறைத்து வளர்த்த நட்பு நட்பாக இருந்ததை நான் எங்கேயும் பார்த்ததில்லை. இதைக் கேட்டு வேண்டாம் என்று எழுந்து போகிறவர் போகட்டும். பின்னால் தெரியவந்து புழுங்குகிறவரைவிட அவர் உனக்கு நல்லதே செய்கிறார்.

4. மறுபடி தொடங்கும்போது இரண்டு பேருக்குமாக எழுது.

1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த எம்.வி. சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் இறந்துபோனார்கள். அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் முடிந்துபோயிற்று. செய்தி வந்த இரவு எங்கள் நிலையத்தில் ஒரு பலகையும் ஓயவில்லை. தஞ்சாவூர், நாகப்பட்டினம், காரைக்கால், ராமநாதபுரம் என்று ஊர் ஊராக ஜனங்கள் கூப்பிட்டுப் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பினாங்கு நண்பர் ஊருக்கு வருவதாக எந்தச் சேதியும் எனக்கு இல்லை. வரமாட்டார் என்பதற்கும் எந்தச் சேதியும் இல்லை.

விடிந்து வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். "ஒரு லெட்டர் போட்டுக் கேளேன். இதுக்கு என்ன" என்றார். அவரே அஞ்சலகத்துக்குப் போய் ஏரோகிராம் வாங்கிவந்தார். அதற்குள் நண்பருக்கும் கல்யாணமாகியிருந்தது எனக்குத் தெரியும். மேலே அவர் பெயரையும் அவர் மனைவி பெயரையும் சேர்த்து எழுதினேன். கப்பல் விபத்தைக் கேள்விப்பட்டோம், உங்கள் வீட்டில் எல்லோரும் நலம்தானா, எங்கள் வீட்டில் நலம், இரண்டு குழந்தைகள், தம்பிகள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் கடிதம்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பாதி அவர் கையெழுத்து. மீதி வட்ட வட்டமான, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிக் கையெழுத்து. "அக்கா, உங்கள் தம்பிகளைப் பற்றி இவர் நிறையச் சொல்லியிருக்கிறார், அவர்கள் தேறிவிட்டார்கள் என்று கேட்டு இவருக்கு நிம்மதி" என்று எழுதியிருந்தார் அந்த அம்மாள். நான் யாருக்காக அவரோடு போகாமல் நின்றேனோ அந்தத் தம்பிகளைப் பற்றித்தான் ஒன்பது வருடமாக அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்று படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கியது. நன்றாகவே இறங்கியது.

5. யார் எடுத்துப் படித்தாலும் சரி என்பது மாதிரி எழுது.

ஏரோகிராம் நீலக் காகிதம் ஒன்றுதான். அதையே மடித்து ஒட்ட வேண்டும். உள்ளே வேறு எதையும் வைத்து அனுப்பக் கூடாது என்பது அஞ்சல் துறை விதி. அந்த விதி எனக்குப் பிடித்துப்போயிற்று. வந்த கடிதங்களை ஒரு மைலோ டப்பாவில் போட்டுச் சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறேன். அதற்குப் பூட்டு கிடையாது. என் மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய நாட்களில் அந்தக் கடிதங்களையும் எடுத்துப் படித்திருக்கிறாள். காதலித்த காலத்துக் கடிதங்கள் என்னிடம் இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே அவற்றை எரித்துவிட்டேன். அதை நினைத்து வருந்தியதில்லை.

உன் செல்பேசியும் அப்படியே இருக்கட்டும். வீட்டில் யார் எடுத்தாலும் பதறாத அளவுக்கு.

6. வீட்டுக் குறையை அங்கே கொண்டுபோகாதே.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

1991-இல் எனக்கும் என் கணவருக்கும் பெரிய மனஸ்தாபம் வந்தது. என்ன விஷயம் என்பது இங்கே தேவையில்லை. ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. அந்த ஆத்திரத்தில் பினாங்குக்கு எழுதினேன். அந்த ஒரு கடிதம் மட்டும் ஏரோகிராமில் அடங்கவில்லை. நான்கு தாள், உறையில் போட்டு, அவர் பள்ளி முகவரிக்கு, அவர் பெயருக்கு மட்டும் அனுப்பினேன். எழுதும்போதே எனக்குத் தெரியும், நான் செய்வது தப்பு என்று. என்னை இருபது வயதில் தெரிந்தவர், அவருக்கு என்னைப் புரியும், அவராக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்றெல்லாம் மனசு சொல்லிக்கொண்டே போயிற்று. ரொம்ப ருசியான நினைப்பு அது. அதனால்தான் அது ஆபத்து.

இருபது நாளில் என் நான்கு தாளும் அப்படியே திரும்பி வந்தன. கூட ஒரு சின்னத் துண்டுக் காகிதம். இரண்டாவது பத்தியோடு நிறுத்திவிட்டதாகவும், மீதி அண்ணனுக்கு, அதாவது என் கணவருக்கு, எழுதிய கடிதம் என்று தோன்றுவதாகவும், அவரிடமே கொடுத்துவிடும்படியும் எழுதியிருந்தார். கீழே வழக்கம்போல இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது, அவமானமாக இருந்தது, ஒரு வாரம் அந்தத் தாள்களைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். பிறகு என் கணவரிடம் கொடுத்தேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து நான்கு தாளையும் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஷிஃப்ட் முடிந்து நேராக வீட்டுக்கு வந்தார். "வா, காவிரிக்கரை வரைக்கும் நடந்துட்டு வரலாம்" என்றார். அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்து இருட்டும்வரை பேசினோம்.

நண்பர் மீதிப் பக்கங்களைப் படித்திருக்கலாம். படித்துவிட்டு எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கலாம். அந்த ஆறுதல் எனக்கு இனித்திருக்கும், அடுத்த கடிதத்தை இன்னும் நீளமாக எழுதியிருப்பேன். அவர் எனக்குச் செய்ததில் பெரியது எது என்று கேட்டால், படிக்காமல் விட்ட அந்தப் பக்கங்களைத்தான் சொல்வேன்.

7. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வேலை வைத்துக்கொள்.

'ஞாபகம் இருக்கா' என்று தொடங்கும் பேச்சு ஓராண்டுக்குத்தான் வரும். அப்புறம் அது வற்றிப்போகும், வற்றாவிட்டால் வேறு திசைக்கு இழுக்கும். நட்புக்கு இன்றைக்கு நடக்கிற விஷயம் ஒன்று வேண்டும்.

எங்களுக்கு அவர் பள்ளிக்கூடம் கிடைத்தது. மலேசியாவில் தமிழ்ப் படிப்புக்கு வயது அதிகம். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில்தான் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியது. இன்றைக்கு அந்த நாட்டில் ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. பலவும் தோட்டப் பள்ளிகளாகத் தொடங்கியவை. தோட்டங்கள் கைமாறி, மரங்கள் போய், ஜனங்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தபோது அந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். அதைப் பற்றித்தான் அவர் கடிதங்களில் கவலைப்படுவார். பிள்ளைகளுக்கு வாசிக்கக் கதைப் புத்தகம் போதவில்லை என்று ஒருமுறை எழுதினார். அடுத்த வாரமே தெப்பக்குளத்துக் கடைகளில் சிறுவர் புத்தகமாகப் பொறுக்கி, என் கணவர் சணல் கயிறு போட்டுக் கட்டித் தர, கப்பல் பார்சலில் அனுப்பினேன். பிறகு வருடத்துக்கு இரண்டு முறை அனுப்புவது வழக்கமாகிவிட்டது. பார்சல் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். சேர்ந்ததும் எந்தப் புத்தகம் முதலில் கிழிந்தது என்று எழுதுவார். கிழிந்த புத்தகம்தான் பிள்ளைகளுக்குப் பிடித்த புத்தகம். அதே ஆள் எழுதியதை இன்னும் வாங்கி அனுப்புவேன்.

உனக்கும் அந்தப் பையனுக்கும் எது பொதுவோ தெரியாது. செடியோ, பாட்டோ, கணக்கோ, ஏதோ ஒன்று இருக்கும். அதைப் பிடித்துக்கொள்.

8. கொடுப்பதானால் வீட்டுக்கெல்லாம் பயன்படுகிறதைக் கொடு.

பினாங்கிலிருந்து எங்களுக்குக் கோடாலித் தைலம் வரும். என் மாமியாருக்கு முழங்கால் வலி, அவருக்கென்றே இரண்டு புட்டி. நகை, புடவை, வாசனைத் திரவியம் ஒரு நாளும் வந்ததில்லை.

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் ரவீந்திரநாத் தாகூருடையது. 1924-இல் பெரு நாட்டுக்குக் கிளம்பியவர் வழியில் உடம்பு முடியாமல் அர்ஜென்டினாவில் தங்கினார். பியூனஸ் ஐரிஸ் பக்கத்தில் சான் இசித்ரோவில் அவரை வைத்துப் பார்த்துக்கொண்டவர் விக்டோரியா ஒக்காம்போ. அவருக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. தாகூருக்கு அறுபத்து மூன்று. அவர்களுக்குள் இருந்ததற்கு என்ன பெயர் என்று படித்தவர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரைவிட நாற்காலிதான் முக்கியம். நோயாளி சாய்ந்து உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கப்பலிலேயே கொடுத்தனுப்ப வேண்டும் என்று அந்த அம்மாள் நின்றார். அறைக் கதவுக்குள் அது நுழையவில்லை. கதவைக் கழற்ற வைத்து உள்ளே போட்டார். அந்த நாற்காலி சாந்திநிகேதன் வந்து சேர்ந்தது. தாகூர் அவருக்கு விஜயா என்று பெயர் வைத்து, 'பூரவி' கவிதைத் தொகுப்பைக் காணிக்கையாக்கினார். அதன் பிறகு இருவரும் பாரிசில் 1930-இல் ஒருமுறைதான் சந்தித்தார்கள். கடிதங்கள் மட்டும் 1941-இல் அவர் இறக்கிறவரை போய் வந்தன. உடம்பு முடியாத மனிதனுக்கு ஒரு நல்ல நாற்காலி. எவ்வளவு யோசித்துக் கொடுத்திருக்கிறார் பார்.

9. பணம் கடன் கேட்காதே, கொடுக்காதே.

இதற்கு விளக்கம் வேண்டாம்.

10. நன்றி முதலில் யாருக்கு என்று தெரிந்துகொள்.

நான் குடியிருப்பது உறையூர். பிசிராந்தையாரைப் பார்க்காமலே நட்புக்கொண்ட கோப்பெருஞ்சோழன் ஆண்ட ஊர். சோழன் வடக்கிருந்தபோது பாண்டிய நாட்டிலிருந்து நண்பர் வருவார் என்று சொல்லி இடம் ஒதுக்கச் சொன்னதும், அவர் வந்து சேர்ந்ததும் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த கதை. என் நட்பைப் பற்றிப் பேசும்போது அந்தக் கதையைச் சொல்லிப் பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சோழனும் பிசிராந்தையாரும் பார்க்காமலே பழகியவர்கள். நாங்கள் பார்த்துப் பழகிவிட்டுப் பார்க்காமல் இருந்தவர்கள். அதோடு இன்னொரு வித்தியாசம். எங்கள் நட்பில் இரண்டு பேர் அல்ல, நான்கு பேர்.

2016-இல் மலேசியாவில் தமிழ்க் கல்விக்கு இருநூறாவது ஆண்டு. வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். திருச்சியிலிருந்தே கோலாலம்பூருக்கு விமானம் இருக்கிறது, நான்கு மணி நேரப் பயணம். நாற்பது வருடமாக நான் கடல் என்று நினைத்துக்கொண்டிருந்தது அவ்வளவுதான். நானும் என் கணவரும் போனோம். பினாங்கில் வாசலில் நின்றவரைப் பார்த்ததும் என்ன தோன்றியது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். முடி வெளுத்த ஒரு வாத்தியார் நின்றார். பக்கத்தில் அவர் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்கு முதலில் அந்தக் கைகள்தான் நினைவிருக்கின்றன.

மறுநாள் ஆண்கள் இருவரும் பினாங்குக் கொடிமலைக்குப் போனார்கள். அங்கே 1920களில் தொடங்கிய, கம்பிவடத்தால் இழுத்து ஏற்றுகிற மலை ரயில் இருக்கிறது. பணிமனையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவருக்கு அதைப் பார்க்காமல் இருக்க முடியுமா. அவர்கள் வருகிறவரை நானும் அந்த அம்மாளும் சமையலறையில் இருந்தோம். வெங்காயம் உரித்துக்கொண்டே அவர் சொன்னார்: "முதல் லெட்டர் வந்தப்ப எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு அக்கா. என் பேரையும் சேர்த்து எழுதியிருந்தீங்க. அதனாலதான் நானும் எழுதினேன்." முப்பத்தோரு வருடம் கழித்து அதைக் கேட்டேன். அந்தப் பயத்தோடு அவர் பேனாவை எடுத்து 'அக்கா' என்று எழுதியிருக்கிறார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கணவர் எழுதியிருக்க மாட்டார். நானும் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

2018-இல் என் கணவர் தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர்கள் இருவரும் வந்து இறங்கினார்கள். நண்பர் என் தம்பிகளோடு நின்று பந்தியில் பரிமாறினார். அந்த அம்மாள் ஒன்பது இரவு என் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தார். தூக்கம் வராமல் நான் எழுந்து உட்கார்ந்தால் அவரும் எழுந்து உட்காருவார். ஒன்றும் கேட்கமாட்டார்.

ஆகவே கண்ணு, நாளைக்கு உனக்கு இப்படி ஒரு நட்பு வாய்த்தால், ஜெர்மனியில் இருக்கிறவனுக்கு நன்றி சொல்வதற்கு முன்னால் உன் பக்கத்தில் படுத்திருக்கிறவருக்குச் சொல். நான் என் கணவரிடம் அதைச் சரியாகச் சொன்னேனா என்று சில நாள் யோசிக்கிறேன். ஏரோகிராம் வாங்கி வந்தாரே அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். காவிரிக்கரையில் ஒருமுறை சொன்னேன். அது போதாது.

11. சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடாதே.

லெனார்ட் கோஹன் என்ற கனடா நாட்டுப் பாடகரைப் பற்றி என் பேத்திதான் எனக்குச் சொன்னாள். 1960களில் கிரேக்கத் தீவு ஒன்றில் மரியான் என்ற நார்வே பெண்ணோடு வாழ்ந்தவர். பிரிந்து போனார்கள். 2016-இல் அந்தப் பெண் மரணப் படுக்கையில் இருக்கிறார் என்று ஒரு நண்பர் தெரிவித்ததும், கோஹன் உடனே கடிதம் எழுதி அனுப்பினார். படுக்கைக்குப் பக்கத்தில் நின்று அதைப் படித்துக் காட்டினார்கள். ஜூலை மாதம் அவர் போய்விட்டார். நவம்பரில் கோஹனும் போய்விட்டார். கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பேத்தி அதைச் சொல்லும்போது நான் அன்றைக்கு என்ன கிழமை என்று பார்த்தேன். வியாழக்கிழமை. சனிக்கிழமைவரை காத்திருக்காமல் அன்றே பினாங்குக்குக் கூப்பிட்டேன்.

வழக்கமாகச் சனிக்கிழமைதான் பேசுவோம். இங்கே மாலை ஆறரை, அங்கே இரவு ஒன்பது. நண்பருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. அவர் மனைவி செல்பேசியை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போடுவார். நான் ஆபரேட்டராக இருந்தபோது பழக்கிக்கொடுத்த மாதிரி, ஒவ்வொரு சொல்லாக, நடுவில் இடைவெளி விட்டுப் பேசுவேன். அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான். என் தம்பிகளை நினைத்திருந்ததற்கும், இரண்டாம் பத்தியோடு நிறுத்தியதற்கும், பந்தியில் பரிமாறியதற்கும் நன்றி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கேட்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

"கேட்டுச்சு அக்கா" என்றார் அந்த அம்மாள். "அவரால பேச முடியலை. லைன்லயே இருங்க."

இருந்தேன்.